மலிவான ஜப்பான் கூப்பேக்கள் எங்கே போயின, இனி எதை வாங்குவது?

2012-இல் டொயோட்டா 86 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கூப்பே வந்தபோது அதில் மாட்டியிருந்தது மிஷெலின் பிரைமசி ஹெச்பி டயர். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்கென்றே பெயர் வாங்கிய ப்ரியஸ் ஹைபிரிட் காரிலும் வந்த அதே டயர்தான். பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் லேசாக வழுக்கும், அதை ஸ்டீயரிங்கால் அடக்கி ஓட்டுவதில்தான் சுகம் என்று அந்தக் காரை உருவாக்கியவர்கள் விளக்கம் சொன்னார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் என்றைக்குமே வீட்டுக் காரின் பாகங்களைக் கடன் வாங்கித்தான் பிழைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் அவை ஏன் அத்தனை வந்தன, இன்று ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின, அடுத்து எதை வாங்கலாம் என்ற மூன்று கேள்விக்கும் இந்தக் கடன் கணக்கிலேயே விடை இருக்கிறது.

கார் விஷயத்தில் புதியவர்களுக்காகச் சில அடிப்படைகள். கூப்பே என்பது இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின்னால் பேருக்கு ஒரு சீட் கொண்ட கார். முன்னால் உட்காரும் இருவருக்காகவே செய்தது. ஸ்போர்ட்ஸ் கூப்பே என்றால் கூடவே எடை குறைவாக இருக்கும், சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கும், பெரும்பாலும் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். இந்த வகையில் ரியர் வீல் டிரைவுக்குத் தனி மரியாதை உண்டு. காரைத் தள்ளும் வேலையைப் பின்சக்கரங்கள் எடுத்துக்கொள்வதால் முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே மிஞ்சும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை வைத்தே காரின் போக்கைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஃப்ரன்ட் வீல் டிரைவில் அதே இரண்டு சக்கரங்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் அது மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995-இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் ஃப்ரன்ட் வீல் டிரைவ்தான். அதன் இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிச் சுழலும். அந்தக் காரைப் பற்றிக் குறை சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது பிளாட்ஃபார்ம். காரின் அடித்தளம், சஸ்பென்ஷன், இன்ஜின் பொருத்தும் அமைப்பு எல்லாம் சேர்ந்தது அது. புதிதாக ஒன்றை உருவாக்கப் பெரும் பணம் வேண்டும். இட்லிக்கு அரைத்த மாவில் தோசையும் வார்ப்பதுபோல, லட்சக்கணக்கில் விற்கும் குடும்பக் காருக்காக உருவாக்கிய பிளாட்ஃபார்மில் இன்னொரு உடம்பைப் பொருத்திவிட்டால் கூப்பே கிடைத்துவிடும். செலவில் பெரும்பகுதியை அந்தக் குடும்பக் கார் ஏற்கெனவே சுமந்திருக்கும்.

இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டியது அமெரிக்காவின் ஃபோர்டு. ஃபால்கன் என்ற சாதாரணக் காரின் மேல் 1964-இல் மஸ்டாங்கைக் கட்டினார்கள். ஜப்பானில் அதை அப்படியே கற்றுக்கொண்டது டொயோட்டா. 1970-இல் கரீனா என்ற செடானும் செலிகா என்ற கூப்பேயும் ஒரே பிளாட்ஃபார்மில் சேர்ந்தே வந்தன. செலிகா வாங்குபவர் இன்ஜின், கியர்பாக்ஸ், உள் அலங்காரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தன் காரை அமைத்துக்கொள்ளலாம். அதே சமயத்தில் அமெரிக்காவில் நிஸானின் டாட்சன் 240இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 3,526 டாலருக்கு விற்றது. அந்த நீண்ட முகத்துக்குள் இருந்த ஆறு சிலிண்டர் இன்ஜின், டாட்சன் 510 செடானின் நாலு சிலிண்டர் இன்ஜினோடு இன்னும் இரண்டு சிலிண்டரைச் சேர்த்தது போன்றது. பார்த்தால் ஜாகுவார் மாதிரி இருக்கும், உள்ளே நெஞ்சு டாட்சன் டாக்ஸியினுடையது.

எண்பதுகளில் ஜப்பானில் பணம் புரண்டபோது இந்தக் கார்கள் இளைஞர்களின் அடையாளமாகவே ஆயின. ஹோண்டா பிரெலூடையும் நிஸான் சில்வியாவையும் 'டேட் கார்' என்றே அழைத்தார்கள். 1982-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரெலூடில் ஒரு குறும்பு இருந்தது. பக்கத்து சீட்டைச் சாய்க்கும் லீவர் ஓட்டுநர் கைக்கு எட்டும் பக்கத்திலும் இருந்தது. எதற்கு என்று ஹோண்டா விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. 1988-இல் வந்த சில்வியா அந்த ஆண்டு ஜப்பானின் சிறந்த கார் விருதையே வாங்கியது. வெறும் கூப்பே ஒன்று அந்த விருதை வாங்குவதை இன்று நினைத்துப் பார்க்க முடியாது.

கடன் வாங்கிய வாழ்வு எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு நல்ல சாட்சி, ரசிகர்கள் ஏஇ86 என்று கொண்டாடும் கரோலா லெவினும் ஸ்ப்ரின்டர் ட்ருவெனோவும். 1983-இல் புதிய கரோலா செடான் ஃப்ரன்ட் வீல் டிரைவுக்கு மாறியது. இன்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டினால் காருக்குள் இடம் அதிகம் கிடைக்கும், எடையும் செலவும் குறையும். குடும்பத்துக்கு அதுதான் சரி. ஆனால் கூப்பேயை மட்டும் முந்தைய தலைமுறையின் ரியர் வீல் டிரைவ் அடித்தளத்திலேயே விட்டுவைத்தார்கள். பின்னால் பழைய பாணி ஒற்றை அச்சு, முன்னால் வால்வுகளை இயக்க இரண்டு கேம்ஷாஃப்ட் கொண்ட 1.6 லிட்டர் ட்வின் கேம் இன்ஜின், எடை ஒரு டன்னுக்கும் கீழ். மலைப்பாதையில் பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டுவதற்கு அளந்து செய்ததுபோல் அமைந்தது. அது யாரும் திட்டமிட்டுச் செய்த அதிசயம் இல்லை, மிச்சம் இருந்த பாகங்களின் புண்ணியம். 1987-இல் அடுத்த தலைமுறை வந்தபோது கூப்பேயும் ஃப்ரன்ட் வீல் டிரைவுக்குப் போய்விட்டது. செலிகா அதற்கு முன்பே, 1985-இல், போய்விட்டது.

ஒவ்வொன்றாக மறைந்த கதை

முதல் அடி விழுந்தது கார் தொழிற்சாலையில் இல்லை, நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில். 1985 செப்டம்பர் 22 அன்று அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளும் டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டன. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். மூன்றே ஆண்டுகளில் அது பாதியானது. 1995 ஏப்ரலில் 80 யென்னுக்கும் கீழே இறங்கியது. இதைக் கார் விலையில் போட்டுப் பாருங்கள். ஜப்பானில் 24 லட்சம் யென் மதிப்புள்ள ஒரு காரை அமெரிக்காவில் முன்பு 10,000 டாலருக்குக் கணக்கிட்டார்கள் என்றால், காரில் ஒரு ஸ்க்ரூகூட மாறாமல் அது 20,000 ஆகும், பிறகு 30,000 ஆகும். குடும்பக் கார்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. ஹோண்டா அக்கார்டை ஒஹையோவிலும் டொயோட்டா கேம்ரியை கென்டக்கியிலும் தயாரித்தார்கள். எண்ணிக்கை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்காகத் தனியாகத் தொழிற்சாலை போடுவது கட்டுப்படியாகாது. அவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே கப்பலேறின. மஸ்டாங்கோ கமாரோவோ வாங்கும் விலைக்கு மேல் போன பிறகு அமெரிக்கர்கள் ஏன் வாங்கப்போகிறார்கள்? 1995-இல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 1996-இல் நிஸான் 300இசட்எக்ஸ், 1998-இல் டொயோட்டா சூப்ரா, அதே ஆண்டு சில்வியாவின் அமெரிக்க வடிவமான நிஸான் 240எஸ்எக்ஸ் என்று வரிசையாக அமெரிக்கச் சந்தையை விட்டுக் கிளம்பின.

ஜப்பானிலேயே நிலைமை சரியில்லை. சொத்துக் குமிழி வெடித்த பிறகு இளைஞர்கள் கையில் பணம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், 1994-இல் டொயோட்டா ராவ்4, 1995-இல் ஹோண்டா சிஆர்-வி. ராவ்4-ஐக் கரோலா, கரீனா பாகங்களை வைத்துச் செய்தார்கள். சிஆர்-வி-க்கு அடிப்படை சிவிக். கூப்பேக்களைப் பெற்றெடுத்த அதே அலமாரியிலிருந்து இப்போது உயரமான, நாலு பேர் உட்காரும், பெட்டி படுக்கை ஏற்றும் கார் பிறந்தது. அதை விற்றால் லாபமும் கூடுதல். கம்பெனிக் கணக்காளர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கூப்பேக்கு வாதாட ஒரு வார்த்தை கிடைக்காது. மிட்சுபிஷி எக்லிப்ஸ் என்ற கூப்பேயின் பெயர் 2017-இல் எக்லிப்ஸ் கிராஸ் என்ற எஸ்யூவி மேல் ஒட்டப்பட்டது. ரசிகர்கள் இன்றும் பல்லைக் கடிக்கிறார்கள்.

பிறகு சட்டங்கள். புகைக் கட்டுப்பாடு, மோதல் பாதுகாப்பு, மின்னணு எச்சரிக்கைக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் காரை மாற்றியமைக்க ஆகும் செலவு, பத்தாயிரம் கார் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் ஏறத்தாழ ஒன்றுதான். குறைவாக விற்கும் கார் அதைத் தாங்காது. ஜப்பானின் புகை விதிகள் இறுகியதால் 2002-இல் ஆர்எக்ஸ்-7, சூப்ரா, ஸ்கைலைன் ஜிடி-ஆர், சில்வியா நான்கும் ஒரே ஆண்டில் முடிந்தன. ஐரோப்பாவில் 2024 ஜூலையில் வந்த பாதுகாப்பு விதிகளுக்காக மாற்றியமைக்காமல், டொயோட்டா தன் 86-இன் இரண்டாம் தலைமுறையான ஜிஆர்86 கூப்பேயை அங்கே இரண்டே ஆண்டு விற்றுவிட்டு நிறுத்திக்கொண்டது.

செலிகா 2006-இல் போனது. சாதாரண இரண்டு கதவுக் கூப்பேக்களும் தப்பவில்லை: அக்கார்டு கூப்பே 2017-இலும் சிவிக் கூப்பே 2020-இலும் நின்றன.

தப்பியவை எப்படித் தப்பின?

இன்று மிஞ்சியிருப்பவற்றைக் கவனித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். குடும்பக் காரிடம் கடன் வாங்க வழியில்லாமல் போனதும், இவை பக்கத்து வீட்டில் கடன் வாங்கின. டொயோட்டா 86-ஐ டொயோட்டா தனியாகச் செய்யவில்லை. பிஸ்டன்கள் படுத்தபடி இயங்கும் சுபாருவின் பாக்ஸர் இன்ஜின், டொயோட்டாவின் எரிபொருள் செலுத்தும் தொழில்நுட்பம், சுபாருவின் குன்மா தொழிற்சாலை. அதே கார் சுபாரு பிஆர்இசட் என்ற பெயரிலும் விற்கிறது. 2019-இல் திரும்பி வந்த சூப்ரா, பிஎம்டபிள்யூ இசட்4-இன் உடன்பிறப்பு. ஆஸ்திரியாவில் தயாராகி வந்த அது 2026 மாடலோடு விடைபெறும் என்று டொயோட்டா அறிவித்துவிட்டது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் இப்போதைய தலைமுறை சில ஆண்டுகள் ஃபியட் 124 ஸ்பைடருக்கும் அடித்தளமாக இருந்து செலவைப் பகிர்ந்தது. 240இசட்டின் வழிவந்த நிஸான் இசட்டுக்குக் கூட்டாளி கிடைக்கவில்லை. 2008-இல் வந்த 370இசட்டின் அடித்தளத்தைச் சீர்செய்து, இன்ஃபினிட்டி செடானின் டர்போ இன்ஜினைப் பொருத்திக் கொண்டுவந்தார்கள்.

விலையைப் பற்றி ஒரு பொதுவான புலம்பல் உண்டு: அந்தக் காலத்தில் சல்லிசாகக் கிடைத்தது, இப்போது கிடைப்பதில்லை என்று. கணக்குப் போட்டால் அது பாதிதான் உண்மை. 240இசட்டின் 3,526 டாலர் இன்றைய மதிப்பில் 28,000 டாலருக்கு மேல். ஜிஆர்86 இன்று அமெரிக்காவில் 30,000-க்குச் சற்று மேலே தொடங்குகிறது. 1989-இல் முதல் எம்எக்ஸ்-5 விற்ற 13,800 டாலர் இன்றைக்கு ஏறக்குறைய 35,000-க்குச் சமம். இப்போதைய எம்எக்ஸ்-5 அதைவிடக் குறைவாக, 30,000-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. டாலருக்கு 150 யென் என்ற அளவுக்கு யென் சரிந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அன்று பத்துப் பன்னிரண்டு கார்களில் ஒன்றைப் பொறுக்கலாம். இன்று இந்த விலையில் இரண்டுதான். வீடு, படிப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஏறிய காலத்தில் இரண்டாவது காராக ஒன்றை வாங்கி நிறுத்த எத்தனை இளைஞர்களால் முடியும் என்பது வேறு கேள்வி.

அடுத்து என்ன வாங்கலாம்?

இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். இந்தியாவில் ஜிஆர்86 விற்பனையில் இல்லை. மாஸ்டா நிறுவனமே இங்கே கார் விற்பதில்லை. நிஸான் கொஞ்ச காலம் 370இசட்டைக் கொண்டுவந்து விற்றுப் பார்த்ததோடு சரி.

மழை, பனி, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே கார்தான் என்றால் ஜிஆர்86 அல்லது பிஆர்இசட். எனக்குக் கேட்டால் இன்றைக்கு முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு இதுதான் விடை. 2.4 லிட்டர் இன்ஜின், 228 குதிரைச்சக்தி, 1,300 கிலோவை ஒட்டிய எடை. பாக்ஸர் இன்ஜினில் பிஸ்டன்கள் படுக்கைவாக்கில் இயங்குவதால் இன்ஜின் தாழ்ந்து உட்காரும், வளைவில் கார் சாய்வது குறையும். பின் சீட்டில் பெரியவர் உட்கார முடியாது. ஆனால் அதை மடித்தால் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோக நாலு டயர் உள்ளே போகும். தினசரி ஓட்டத்துக்கு அந்த இடம் எவ்வளவு உதவும் என்பது வாங்கிய பிறகுதான் புரியும்.

எம்எக்ஸ்-5 கறாராகப் பார்த்தால் கூப்பே இல்லை, கூரை திறக்கும் ரோட்ஸ்டர். மடியும் உலோகக் கூரையோடு ஆர்எஃப் என்ற வடிவமும் உண்டு. மூடியிருக்கும்போது அது கூப்பே போலவே இருக்கும். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். துணிக்கூரை மாடலில் சிக்னலில் நிற்கும்போது நடுவில் உள்ள ஒரே கொக்கியை விடுவித்து, ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். மோட்டார் கிடையாது, ரிப்பேரும் கிடையாது. கியர் லீவர் மணிக்கட்டை அசைத்தாலே விழும். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் கட்டாயம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். முழங்காலும் தலையும் இடிக்கும்.

நிஸான் இசட் 400 குதிரைச்சக்தி, இரண்டு சீட், 40,000 டாலருக்கு மேல். நேர் சாலையில் பறக்கும். வேகம்தான் வேண்டும் என்பவர்கள் பார்க்கலாம். 2025-இல் மீண்டும் வந்த ஹோண்டா பிரெலூட் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது. சிவிக் ஹைபிரிடின் இன்ஜின், சிவிக் டைப் ஆரின் சஸ்பென்ஷன் என்று பழைய சூத்திரப்படியே செய்திருக்கிறார்கள். ஆனால் சக்தி 200 குதிரைதான், கையால் மாற்றும் கியர் இல்லை, அமெரிக்க விலை 42,000 டாலர். கியர் மாறுவது போன்ற உணர்வைக் கணினி உண்டாக்கித் தருகிறது. ஜப்பானில் மாதம் 300 விற்றால் போதும் என்ற இலக்கோடு வெளியிட்ட காரை மலிவாக விற்க முடியாதுதான். நிதானமாக, அழகாக, பெட்ரோல் அதிகம் குடிக்காமல் ஊர் சுற்ற நல்ல வண்டி. பழைய பிரெலூட் ரசிகர் தேடும் வண்டி அதுவா என்பது சந்தேகம்.

பழைய மலிவு கூப்பேயின் உண்மையான வாரிசு கூப்பே வடிவத்திலேயே இல்லை என்பது என் கட்சி. ஹோண்டா சிவிக் எஸ்ஐ-யைப் பாருங்கள். லட்சக்கணக்கில் விற்கும் சிவிக் செடானின் உடம்பு, 200 குதிரைச்சக்தி டர்போ இன்ஜின், ஆறு கியர் மேனுவல் மட்டும், வளைவில் உள்சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். விலை ஜிஆர்86 பக்கத்தில். 1970-இல் கரீனாவுக்கும் செலிகாவுக்கும் இருந்த உறவு அப்படியே இங்கே இருக்கிறது, கூடுதலாக இரண்டு கதவு. கொரியாவின் ஹூண்டாய் எலான்ட்ரா என் இதே கணக்கில் 276 குதிரைச்சக்தி தருகிறது. சத்தமான வண்டி, அக்கம்பக்கத்தாரிடம் நல்ல பெயர் எடுக்க முடியாது. இன்னும் பணம் இருந்தால் டொயோட்டா ஜிஆர் கரோலா: மூன்று சிலிண்டரில் 300 குதிரைச்சக்தி, ஆல் வீல் டிரைவ். குழந்தை சீட் பொருத்த வேண்டிய வீட்டில் இந்த வகைதான் சண்டை இல்லாமல் நுழையும்.

செகண்ட் ஹேண்டில் போவதென்றால் தொண்ணூறுகளின் நட்சத்திரங்களைத் தேடிப் போகாதீர்கள். சில்வியாவையும் 240எஸ்எக்ஸையும், பின்பக்கத்தை வழுக்கவிட்டு டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் இடித்து நொறுக்கியது போக மிச்சம் இருப்பவை குறைவு, அதனால் விலை தாறுமாறு. கனடாவில் 15 ஆண்டு பழைய காரை ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யலாம். அமெரிக்காவில் அதற்கு 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும், உதிரிபாகத்துக்குக் காத்திருக்க வேண்டும், எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது. முதல் காராக அது வேண்டாம்.

2012 முதல் 2020 வரையிலான முதல் தலைமுறை 86, அமெரிக்காவில் சில ஆண்டுகள் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றது, நல்ல தொடக்கம். ஆரம்ப கால வண்டிகளின் வால்வ் ஸ்பிரிங்கை மாற்றித் தர 2018-இல் ரீகால், அதாவது வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் அறிவிப்பு, வந்தது. இன்ஜினைத் திறந்து செய்யும் பெரிய வேலை அது. யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். 2000-களின் எந்த ஜப்பான் காராக இருந்தாலும் வெடித்துச் சிதறும் ஆபத்தால் திரும்பப் பெறப்பட்ட டகாடா ஏர்பேக் மாற்றப்பட்டுவிட்டதா என்று சேசிஸ் எண்ணைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆசை காட்டும் விலையில் கிடைக்கும். அதில் இருப்பது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். இன்ஜினுக்குள் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்களில் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ரோட்டரிக்கென்று தனி மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். திணறினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

எந்தக் காரானாலும் பானெட்டுக்குள் விலையுயர்ந்த பாகங்களை மாட்டி வைத்திருக்கும் வண்டியைவிட, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியும் கம்பெனி சைலன்சரும் அப்படியே இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். விலை பேசுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் மாதத் தவணையை அது எட்டிப் பிடித்துவிடும்.